‘போயிட்டு வரேன்’ என்பதற்கு ஆங்கிலம் என்ன? ஜப்பானிய, ஸ்பானிய அன்றாடத் தொடர்களை ஆங்கிலமாக்குவது பற்றி ஓர் எளிய விளக்கம்

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பும் நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கீழே நிற்பவரிடம் "சரிங்க, போயிட்டு வரேன்" என்கிறார். அவர் எப்போது திரும்புவார் என்பது இந்தச் சொற்களில் இல்லை. மறுநாள் வருபவரும் ஆறு மாதம் கழித்து வருபவரும் இதையேதான் சொல்கிறார்கள். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்வது நல்லதல்ல என்று நாம் கருதுவதால், பிரியும் நேரத்தில் தானாக நாவில் வரும் தொடர் இது. இதையே நம்மவர் பலர் ஆங்கிலத்தில் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்லக் கேட்டிருப்போம். அதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை என்றாலும், ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசி வளர்ந்த ஒருவர் அதைக் கேட்டால், இவர் அருகில் எங்கோ போய் உடனே திரும்பப் போகிறார் என்று எண்ணிக் காத்திருப்பார். அவர்கள் அந்த இடத்தில் ‘பை’ என்பார்கள், அல்லது ‘ஸீ யூ’ என்பார்கள்.

ஒரு தொடருக்குச் சொற்பொருள் என்று ஒன்று உண்டு. பேச்சில் அது செய்யும் வேலை என்று வேறொன்று உண்டு. ‘போயிட்டு வரேன்’ என்பதன் சொற்பொருள் இரண்டு வினைகள். அதன் வேலை விடைபெறுதல். வணக்கம், நன்றி, மன்னிப்பு, அறிமுகம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்பவை, வேலையிடத்து மரியாதைகள் ஆகிய அன்றாடத் தொடர்களை மொழிபெயர்க்கும்போது வேலையைத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும். சொற்பொருள் கூடவே வந்தால் வரட்டும், வராவிட்டால் விட்டுவிடலாம். ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்கநிலையான என்5-க்கும் ஸ்பானியத்தின் ஏ1 நிலைக்கும் படிப்பவர்கள் இத்தொடர்களைத்தான் முதலில் கற்கிறார்கள். பாடநூலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கிலத் தொடர் அச்சிடப்பட்டிருப்பதால், அதுவே அதன் பொருள் என்று மாணவர்கள் பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் பின்னால் தொல்லை தருகிறது.

தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு, ஒரு பாதகமும் உண்டு. ஜப்பானியத்திலும் ஸ்பானியத்திலும் பல தொடர்கள் தமிழ் வழக்கோடு அப்படியே பொருந்துவதால் அவை நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் அப்படிப் புரிந்த கையோடு, தமிழைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கும் நம் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே புரிந்துகொள்ளத் தமிழ் வழியாகப் போகலாம். ஆங்கிலத்துக்குள் நுழையும்போது தமிழை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

வீட்டிலும் சாப்பாட்டிலும்

ஜப்பானிய வீடுகளில் காலையில் கிளம்புபவர் ‘இத்தெகிமாஸ்’ என்கிறார். சொற்பொருள் ‘போய் வருகிறேன்’ என்பதே. வீட்டில் இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என்று விடை தருகிறார். அது ‘போயிட்டு வாங்க’ என்பதற்கு மரியாதை உட்பட ஒத்துப்போகிறது. நமக்கு இதில் விளக்கமே தேவையில்லை. ஆங்கிலத்திலோ இப்படி வரையறுக்கப்பட்ட ஒரு சோடி கிடையாது. கிளம்புபவர் ‘ஐ ஆம் ஆஃப்’, ‘ஸீ யூ லேட்டர்’ என்று ஏதாவது சொல்வார். இருப்பவர் ‘ஹேவ் எ குட் டே’ என்பார், அல்லது தலையை மட்டும் அசைப்பார். மாலையில் திரும்புபவர் சொல்லும் ‘ததாய்மா’ என்பதன் நேர்ப்பொருள் ‘இப்போதுதான்’ என்பது. ‘இப்போதுதான் திரும்பினேன்’ என்ற முழுத் தொடர் தேய்ந்து அவ்வளவில் நின்றுவிட்டது. அதற்கு விடையாக வரும் ‘ஒகாயெரி’ என்பது திரும்பி வந்ததைக் குறிக்கும் மரியாதைச் சொல். நம் வீடுகளில் "வந்தாச்சா?", "வாப்பா" என்பவை செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. ‘ஐ ஆம் ஹோம்’, ‘வெல்கம் பேக்’ என்று இவற்றை ஆங்கிலமாக்குவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு நாளும் ‘வெல்கம் பேக்’ என்று தாய் மகனிடம் சொல்வது ஆங்கிலக் குடும்பத்தில் சற்றுச் செயற்கையாக ஒலிக்கும் என்பதால், கதையிலோ திரைப்பட வசன வரியிலோ வெறும் ‘ஹாய், டியர்’ போதும் என்பதே என் கருத்து.

சாப்பாட்டுக்கு முன் சொல்லப்படும் ‘இததாகிமாஸ்’ இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. பெறுதல் என்பதைப் பணிவாகச் சொல்லும் வினை அது. உயர்ந்தவரிடமிருந்து பெற்றதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதே அதன் பழைய பொருள். பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அந்தப் பணிவு புரியும். ஆனால் இன்றைய ஜப்பானில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடும் மாணவரும் இதை முணுமுணுத்துவிட்டுத்தான் குச்சிகளைக் கையில் எடுக்கிறார். ஆங்கிலத்தில் சொல்லும்போது, விருந்தாளியாகப் போன இடம் என்றால் ‘தேங்க் யூ, திஸ் லுக்ஸ் வொண்டர்ஃபுல்’ என்று ஆக்கலாம். நண்பர்கள் கூடிய இடம் என்றால் ‘லெட்ஸ் ஈட்’ என்று ஆக்கலாம். தனியாகச் சாப்பிடுபவர் சொன்னால் ஆங்கிலத்தில் சொல்ல எதுவுமே இல்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவதும் மொழிபெயர்ப்புதான் என்று புதிதாகக் கற்பவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் சொல்லும் ‘கோச்சிசோசமா’ என்பதன் நடுவில் உள்ள இரண்டு சித்திர எழுத்துகளுக்கும் ஓடுதல் என்றே பொருள். விருந்துக்காக ஓடியாடிப் பாடுபட்டதற்கு நன்றி என்பது அதன் கருத்து. ‘தேங்க்ஸ் ஃபார் த மீல்’ என்றால் வேலை முடிந்தது. ஓட்டத்தை ஆங்கிலத்துக்கு இழுத்து வரத் தேவையில்லை.

ஸ்பானியத்தில் சாப்பிடுபவர் தமக்கென்று சொல்லிக்கொள்ளும் தொடர் இல்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்வது உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘புவென் ப்ரொவேச்சோ’ என்பார்கள். ஸ்பெயினில் ‘கே அப்ரொவேச்சே’ என்பதும் வழக்கு. சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும், பயன்படட்டும் என்று பொருள். மெக்சிகோவில் உணவகத்தை விட்டு வெளியேறுபவர்கள் வழியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாதவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சேலத்துத் தெருமுனையில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் தெரிந்தவர் யாராவது கடந்து போனால் "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிப் போவதை இதற்கு இணையாகக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் ‘எஞ்ஜாய் யுவர் மீல்’ என்று ஒரு தொடர் இருந்தாலும் அதைப் பரிமாறுபவர்தான் அதிகம் சொல்கிறார். ஆங்கிலேயர்கள் இந்த இடத்துக்குப் பிரெஞ்சிலிருந்து ‘போன் அப்பெத்தீ’ என்பதைக் கடன் வாங்கிப் பயன்படுத்துவதே தங்களிடம் சொந்தச் சொல் இல்லை என்பதற்குச் சாட்சி.

ஒன்று பலவாவதும் பல ஒன்றாவதும்

ஜப்பானியத்தில் ‘சுமிமாசென்’ என்ற ஒரே சொல் உணவகத்தில் பரிமாறுபவரை அழைக்கிறது, கூட்டத்தில் வழி கேட்கிறது, காலை மிதித்ததற்கு வருந்துகிறது, கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றியும் சொல்கிறது. ‘தீரவில்லை’ என்பது அதன் அடிச்சொல் தரும் பொருள். உங்களுக்கு நான் தந்த சிரமத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இது அழைக்கும்போது ‘எக்ஸ்க்யூஸ் மி’, வருந்தும்போது ‘ஸாரி’, நன்றி சொல்லும்போது ‘தேங்க் யூ’ என்று மூன்றாகப் பிரிந்துவிடும். மூன்று இடத்திலும் ‘ஸாரி’ என்றே எழுதினால், அந்தக் கதாபாத்திரம் எப்போதும் கூனிக் குறுகி நிற்கும் ஒருவராக ஆங்கில வாசகருக்குத் தெரிவார். ஜப்பானியத்தில் அவர் சாதாரணமாகப் பழகும் மனிதர். கொங்குச் சாயல் கலந்த சேலத்துப் பேச்சில் "ஏனுங்க" என்பது முன்பின் அறியாதவரை அழைக்கவும், கவனத்தைத் திருப்பவும், மெல்ல ஆட்சேபிக்கவும் பயன்படுவதை அறிந்தவர்களுக்கு, ஒரே சொல் தொனியால் பல வேலை செய்வது புதிதாக இராது. நெருங்கியவரிடம் வருந்த ‘கோமென் நாசாய்’ இருக்கிறது; வாடிக்கையாளரிடமோ மேலதிகாரியிடமோ வருந்த, ‘சொல்வதற்குச் சாக்கு ஏதும் இல்லை’ என்ற பொருளில் ‘மோஷிவாகே அரிமாசென்’ இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை ஆங்கில அலுவலக நடையில் ‘வீ சின்சியர்லி அபாலஜைஸ்’ என்பது சரியாக இருக்கும்.

ஸ்பானியம் இதற்கு நேர் எதிர். ஒருவரைக் கடந்து போகும் முன் ‘கோன் பெர்மீசோ’, இடித்துவிட்ட பின் ‘பெர்தோன்’, அந்நியரிடம் வழி கேட்கும்போது ‘திஸ்குல்பே’, துக்கச் செய்தி கேட்டதும் ‘லோ சியெந்தோ’ என்று அது சந்தர்ப்பங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கடைசித் தொடரின் நேர்ப்பொருள் ‘அதை நான் உணர்கிறேன்’. ஆங்கிலத்தில் முதலும் மூன்றும் ‘எக்ஸ்க்யூஸ் மி’, மற்றவை ‘ஸாரி’. அதாவது இங்கே பல, ஒன்றாகக் குறைகின்றன. அந்த இழப்பைத் தவிர்க்க வழியில்லை.

வேலையிடத்துத் தொடர்கள்

ஜப்பானியத்தைத் தொழிலுக்காகக் கற்பவர்களை அதிகம் திணறவைப்பது ‘யோரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்’. ‘நல்லபடியாக’ என்ற சொல்லும் ‘வேண்டிக்கொள்கிறேன்’ என்ற சொல்லும் சேர்ந்தது. எதை நல்லபடியாகச் செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்பதைத் தொடர் சொல்லாது. பாடநூல்கள் பெரும்பாலும் ‘நைஸ் டு மீட் யூ’ என்று தருகின்றன. முதல் சந்திப்பில் அது பொருந்தும். பத்தாண்டுகளாகப் பழகும் வாடிக்கையாளர் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அதையே எழுதும்போது அது பொருந்தாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்து விற்கும் ஒருவருக்கு ஒசாகாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் வரி ‘ஒசேவா நி நத்தே ஒரிமாஸ்’. ‘உங்கள் பராமரிப்பில் நாங்கள் இருந்து வருகிறோம்’ என்பது அதன் நேர்ப்பொருள். அதைப் படித்து, நாம் என்ன பராமரித்தோம் என்று அவர் குழம்ப வேண்டியதில்லை. தொழிற்கடிதத்தின் வழக்கமான தொடக்கம் அது. அடுத்து, 40 சோடிக் கொலுசின் விலைப்பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா என்று ஒரு கேள்வி. கடைசி வரி, நாம் மேலே பார்த்த ‘யோரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்’. ஆங்கிலத்தில் இந்தக் கடிதத்தின் முதல் வரியை ‘ஐ ஹோப் யூ ஆர் வெல்’ என்றும், கடைசி வரியை ‘தேங்க் யூ இன் அட்வான்ஸ்’ என்றும் எழுதிவிடலாம். இதே கடைசி வரி, கூட்டு முயற்சி ஒன்றைத் தொடங்கும் கடிதத்தில் இருந்தால் ‘வீ லுக் ஃபார்வர்ட் டு வொர்க்கிங் வித் யூ’ என்றாகும். பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் தாய் சொன்னால் ‘ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் ஹிம்’ என்றாகும். நம் ஊரில் அந்தத் தாய் "நீங்கதான் பார்த்துக்கணும்" என்பார். அதைத்தான் ஜப்பானியர் அறிமுகத்திலும் கடிதத்திலும் வேலை ஒப்படைப்பிலும் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டால், இத்தொடர் இனி யாரையும் பயமுறுத்தாது.

‘ஒத்சுகாரேசாமா’ என்பதில் களைப்பு என்ற சொல் இருக்கிறது. வேலை முடிந்து கிளம்பும் சக ஊழியரிடம் சொன்னால் ‘குட் நைட்’, கூட்டம் முடிந்ததும் சொன்னால் ‘குட் ஜாப், எவ்ரிவன்’, தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது சொன்னால் வெறும் ‘ஹாய்’. ‘நீங்கள் களைத்திருப்பீர்கள்’ என்று ஆங்கிலத்தில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். ‘யூ லுக் டயர்ட்’ என்பது அங்கே முகம் வாடியிருக்கிறது என்று குறைசொல்வதாக எடுத்துக்கொள்ளப்படும்.

மறுப்பு இன்னும் நுட்பமானது. ஜப்பானிய வணிகர் ‘கென்தோ ஷிமாஸ்’ என்றால் ‘பரிசீலிக்கிறோம்’ என்று பொருள். ‘முஸுகஷீ தெஸ்’ என்றால் ‘கடினம்’ என்று பொருள். ‘இட் இஸ் டிஃபிகல்ட்’ என்று மொழிபெயர்த்தால், ஆங்கிலம் கேட்பவர் கடினம்தானே, முயன்று பார்க்கலாம் என்று பேரத்தைத் தொடர்வார். ஜப்பானியரோ முடியாது என்று சொல்லி முடித்துவிட்டதாக எண்ணியிருப்பார். இதற்கு விளக்கம் தேடிச் சேலத்துக்காரர் வெகுதூரம் போக வேண்டாம். கடைவீதியில் விலை கேட்டுவிட்டு "பார்க்கலாங்க" என்று சொல்லி நகர்பவர் திரும்பி வரமாட்டார் என்பது கடைக்காரருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இத்தகைய இடங்களில் ‘ஐ அம் அஃப்ரெய்ட் தட் வோன்ட் பி பாஸிபிள்’ என்று மறுப்பை வெளிப்படையாக்கிவிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு என்று நான் கருதுகிறேன். ஆனால் ‘கென்தோ ஷிமாஸ்’ சில நேரம் உண்மையாகவே பரிசீலனையைக் குறிக்கும் என்பதால், அதைச் சொன்னவரின் முந்தைய பேச்சைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

காப்பி பிடிக்கும், ஆனால் யாருக்கு?

தொடரின் அமைப்பிலும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலம் தொட்டு ஏற்காட்டுச் சரிவுகளில் காப்பி விளைகிறது. அந்தக் காப்பியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தமிழில் ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்கிறோம். இதில் எழுவாய் காப்பி. நான் ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஸ்பானியத்தில் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்கிறார்கள். ‘மே’ என்றால் எனக்கு. ‘குஸ்தா’ என்றால் பிடிக்கிறது. ‘எல் கஃபே’ காப்பி. ஜப்பானியத்தில் ‘கோஹீ கா சுகி தெஸ்’ என்கிறார்கள். அங்கேயும் எழுவாய்க்கு உரிய ‘கா’ உருபு காப்பியைத்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலம் மட்டும் ‘ஐ லைக் காஃபி’ என்று என்னை முன்னால் நிறுத்துகிறது. ஆங்கிலவழியில் ஸ்பானியம் கற்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் தடுமாறி, நான் என்ற சொல்லை முன்னால் வைத்து ‘யோ குஸ்தோ’ என்று ஆரம்பிப்பார்கள். தமிழ்வழியில் யோசிப்பவருக்கு அந்தத் தடுமாற்றம் வர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும்: மாம்பழங்கள் பிடிக்கும் என்றால் ஸ்பானியத்தில் வினையும் பன்மையாகி ‘மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்’ என்று மாறும், தமிழில் ‘பிடிக்கும்’ மாறாது.

பசியும் வயதும் இப்படித்தான். ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்றால் ‘என்னிடம் பசி இருக்கிறது’. ‘தெங்கோ வெய்ந்தே அன்யோஸ்’ என்றால் ‘என்னிடம் 20 ஆண்டுகள் இருக்கின்றன’. ஜப்பானியர் ‘ஒனாகா கா சுகிமாஷ்தா’, அதாவது ‘வயிறு காலியாகிவிட்டது’ என்கிறார்கள். நாம் ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு 20 வயது’ என்கிறோம். ஆங்கிலத்தில் இவை ‘ஐ அம் ஹங்ரி’, ‘ஐ அம் ட்வென்டி’ என்றே வரும். பசியும் வயதும் அங்கே நானாகவே ஆகிவிடுகின்றன. குளிர், தூக்கம், பயம், அவசரம் ஆகியவற்றுக்கும் ஸ்பானியம் ‘தெங்கோ’ என்றே தொடங்கும். அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ஐ அம்’ போட்டால் பெரும்பாலும் தப்பு வராது.

எழுவாயை விட்டுவிடுவதிலும் மூன்று மொழிகளும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே வேறுபாடு இருக்கிறது. தமிழில் ‘போகிறேன்’ என்றால் போவது நான் என்று வினைவிகுதியே சொல்லிவிடுகிறது. ஸ்பானிய ‘வோய்’ என்பதும் அப்படியே. ஜப்பானிய ‘இகிமாஸ்’ என்பதில் ஆள் இல்லை. நான், நீ, அவள், அவர்கள் யாராகவும் இருக்கலாம், நிகழ்காலமாகவும் எதிர்காலமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் யாராவது ஒருவரை எழுதியே தீர வேண்டும் என்பதால் ஜப்பானியத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் ‘யார்?’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவரையே பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கமும் அங்கே உண்டு. தனாகா என்பவரிடமே ‘தனாகா-சான் வா இகிமாஸ் கா’ என்று கேட்டால், அது ‘ஆர் யூ கோயிங்?’ என்றுதான் ஆக வேண்டும். நாமும் எதிரில் நிற்பவரிடம் "சார் எப்ப வந்தீங்க?" என்று கேட்பவர்கள்தாம். தொடரின் முடிவில் வரும் ‘கா’ (காப்பியோடு பார்த்த எழுவாய் உருபு அல்ல, வேறு சொல்) நம் கேள்வி ஆகாரத்தின் வேலையைச் செய்வதையும் இங்கே கவனிக்கலாம். இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்து இரு மொழிகளும் உறவினவை என்று வாதிட்ட ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவின் கருத்து தமிழகத்தில் புகழ்பெற்றது. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பவருக்கு உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒற்றுமை பயன்படும்.

மரியாதை ஆங்கிலத்தில் காணாமல் போகும் இடம் ‘யூ’. ஸ்பானியத்தில் நெருக்கத்துக்கு ‘து’, மரியாதைக்கு ‘உஸ்தேத்’. முற்காலத்தில் ‘தங்கள் கருணை’ என்ற பொருளில் வழங்கிய இரண்டு சொற்கள் சுருங்கி ‘உஸ்தேத்’ ஆனதால், அது இன்றும் படர்க்கை வினையையே எடுக்கிறது. ஒருவர் ‘உஸ்தேத்’ என்று தொடங்கிக் கதையின் நடுவில் ‘து’வுக்கு மாறினால் அவர்களுக்குள் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் அதைக் காட்ட, முன்பு ‘மிஸ்டர்’ என்று அழைத்தவரை அந்த இடத்தில் பெயர் சொல்லி அழைக்க வைக்கலாம். ‘ஹௌ ஆர் யூ’ என்பதை ‘ஹௌ இஸ் இட் கோயிங்’ என்று தளர்த்தலாம். "சரிங்க", "இல்லைங்க", "அப்படிங்களா" என்று எல்லாவற்றிலும் ‘ங்க’ சேர்த்துப் பேசும் நம் பக்கத்து மக்களுக்கு, ஜப்பானியர்கள் ஏன் ஒவ்வொரு தொடரையும் ‘தெஸ்’ என்றோ ‘மாஸ்’ என்றோ முடிக்கிறார்கள் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ‘ங்க’வை ஒவ்வொரு முறையும் ‘சர்’ என்று ஆங்கிலமாக்கினால் வரும் விளைவை மட்டும் நினைத்துப் பார்த்தால் போதும்.

நேரத்துக்கு ஏற்ற வணக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஸ்பானிய ‘புவெனாஸ் நோச்சேஸ்’ வரும்போதும் சொல்லப்படும், பிரியும்போதும் சொல்லப்படும். ஆகவே அது ஓரிடத்தில் ‘குட் ஈவ்னிங்’, ஓரிடத்தில் ‘குட் நைட்’. உலகம் முழுக்கத் தெரிந்த ‘சாயோனாரா’ என்பதற்கு அடிப்படை ‘அப்படியானால்’ என்ற சொல். "அப்ப சரி, பார்க்கலாம்" என்று நாம் பேச்சை முடிப்பதில் உள்ள ‘அப்ப’ போன்றது அது. அன்றாடம் சந்திப்பவர்களிடம் ஜப்பானியர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை; நீண்ட பிரிவின் சாயல் அதற்கு உண்டு.

பழமொழியும் போலி ஒப்புமையும்

பழமொழிக்கு ஆங்கிலத்தில் இணை இருந்தால் அதைப் போடலாம். ஸ்பானியர்கள் ஒரே குண்டில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே கல்லில் இரண்டு பறவைகள். ஜப்பானியத்தின் ‘இஸ்ஸெகி நிச்சோ’ என்ற நான்கெழுத்துத் தொடரும் ஒரு கல், இரண்டு பறவை என்பதே, அது ஆங்கிலத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியது. நாம் மட்டும் பறவையை விட்டுவிட்டு மாங்காயை அடிக்கிறோம். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அதற்காக வருந்த வேண்டியதில்லை. ‘சாரு மோ கி கரா ஒச்சிரு’, அதாவது குரங்கும் மரத்திலிருந்து விழும் என்பது, நம் யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்குச் சரியான இணை. ஆங்கிலத்தில் கிரேக்கக் கவி ஹோமரும் கண்ணயர்வார் என்று ஒரு பழைய தொடர் உண்டு. ஆனால் இன்று அதைக் கேட்டுப் புரிந்துகொள்பவர் குறைவு. குரங்கை அப்படியே ‘ஈவன் மங்கீஸ் ஃபால் ஃப்ரம் ட்ரீஸ்’ என்று கொண்டுபோவதே நல்லது. யாருக்கும் விளக்கமின்றிப் புரிகிறது, அழகாகவும் இருக்கிறது. மாறாக, ஸ்பானியத்தில் கேலி செய்வதைக் குறிக்கும் ‘தோமார் எல் பேலோ’ என்பதன் நேர்ப்பொருள் முடியைப் பிடிப்பது. அதை அப்படியே சொன்னால் சண்டை என்று நினைப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இழுக்கப்படுவது கால்.

ஸ்பானியமும் ஆங்கிலமும் லத்தீனிலிருந்து ஏராளமான சொற்களைப் பெற்றிருப்பதால், பார்வைக்கு ஒன்றுபோலிருந்து பொருளில் விலகும் சொற்கள் நிறைய உண்டு. ‘எம்பராசாதா’ என்றால் கூச்சப்பட்டவள் அல்ல, கருவுற்றவள். ‘எக்ஸிதோ’ என்றால் வெளியேறும் வழி அல்ல, வெற்றி. ‘லிப்ரெரீயா’ நூலகம் அல்ல, புத்தகக் கடை. ஸ்பெயினில் ஒருவர் ‘கொன்ஸ்திபாதோ’ என்றால் அவருக்கு மலச்சிக்கல் அல்ல, சளி பிடித்திருக்கிறது. மருந்துக்கடையில் இதை ஆங்கிலமாக எடுத்துக்கொண்டால் வேறு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி என்பதால் ஒரே சொல் நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு. ‘இப்போது’ என்பதைச் சிறிதாக்கிச் சொல்லும் வடிவமான ‘அஓரீதா’ மெக்சிகோவில் இந்த நிமிடத்தையும் குறிக்கும், இன்னும் சற்று நேரத்தையும் குறிக்கும், என்றோ ஒரு நாளையும் குறிக்கும். ‘இதோ வந்துட்டேன்’ என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு இன்னும் வீட்டை விட்டே கிளம்பாத நண்பர்களை உடையவர்கள், அதை எல்லா இடத்திலும் ‘ரைட் நௌ’ என்று மொழிபெயர்க்கமாட்டார்கள்.

கைப்பேசிச் செயலிகள் இப்போது இந்தத் தொடர்களுக்கெல்லாம் நொடியில் விடை தருகின்றன. தனித் தொடரை மட்டும் கொடுத்தால், யார் யாரிடம் எப்போது சொன்னது என்பது செயலிக்குத் தெரியாது. அதனால் பாடநூலில் உள்ள அதே ஒற்றை விடையைத் தரும் வாய்ப்பே அதிகம். முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரிகளைச் சேர்த்துக் கொடுத்தால் விடை பெரும்பாலும் திருந்திவிடும். கற்பவர்கள் குறிப்பேட்டிலும் இதையே செய்யலாம்: தொடருக்கு எதிரே ஆங்கிலத்தை எழுதும் முன், அதைக் கேட்ட சந்தர்ப்பத்தைத் தமிழில் ஒரு வரி எழுதிவைப்பது. ‘தாய்ஜோபு’ என்ற சொல்லுக்கான குறிப்பு அப்படி எழுதினால் இவ்வாறு இருக்கும். கீழே விழுந்த சிறுவனைத் தூக்கிவிட்டுக் கேட்டது: ‘ஆர் யூ ஓகே?’ சிறுவன் சொன்ன விடை: ‘ஐ அம் ஃபைன்.’ கடையில் பை வேண்டுமா என்று கேட்டதற்கு, நம் "பரவாயில்லைங்க" போலச் சொன்னது: ‘நோ, தேங்க்ஸ்.’ நாளை பத்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டதற்குச் சொன்னது: ‘யெஸ், தட் வொர்க்ஸ்.’